விதியை மீறிய அணியின் பட்டத்தைப் பறிக்கலாமா? (அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்)

ஹூரான்கரை (இழையைத் தொடங்கியவர்)
16 ஆகஸ்ட் 2025, காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். நேத்து மிச்சிகன் பல்கலைக்கழக அணி மேல என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கிற அமைப்பு) தீர்ப்பு வந்துருச்சு. ராத்திரி தூக்கமே வரல, அதான் விடிஞ்சதும் இங்க வந்து எழுதறேன். அந்தக் காலேஜ் இருக்கிற ஆன் ஆர்பர் பக்கம் பதினோரு வருஷமா இருக்கேன். வந்த புதுசுல இந்த ஆட்டம் ஒண்ணும் புரியாது. இப்ப செப்டம்பர் பொறந்தா சனிக்கிழமை வேற வேலை வெச்சுக்கறதில்ல.

ஃபுட்பால்னதும் கால்பந்துன்னு நினைச்சு உள்ள வந்தவங்களுக்கு: இது முட்டை வடிவப் பந்தைக் கையில அணைச்சுகிட்டு ஓடுற ஆட்டம். கோச்சுங்க கோட்டுக்கு வெளிய நின்னு கை ஜாடையிலயும், படம் போட்ட அட்டையிலயும் "அடுத்து இதை ஆடுங்க"ன்னு உள்ள இருக்கவங்களுக்குச் சொல்லுவாங்க. ஆட்டம் நடக்கும்போதே எதிரணி அந்த ஜாடையப் புரிஞ்சுகிட்டா தப்பில்ல. டிவி ஒளிபரப்பைப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சாலும் தப்பில்ல. ஆனா அடுத்து மோதப்போற அணி வேற ஊர்ல ஆடுற ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி வேவு பாக்கக் கூடாது. 1994லேர்ந்து தடை இருக்கு. பணக்காரக் காலேஜ் நாடு பூரா ஆள் அனுப்பும், சின்னக் காலேஜால அந்தச் செலவு தாங்காதுன்னுதான் அந்த விதியே வந்துச்சு.

மிச்சிகன்ல கானர் ஸ்டாலியன்ஸ்னு ஒரு ஊழியர் அதைத்தான் செஞ்சார். டிக்கெட் வாங்கிக் கொடுத்து, தெரிஞ்சவங்கள கேலரியில உக்கார வெச்சு, போன்ல ஜாடைகளைப் படம் பிடிக்கச் சொன்னார். 2021லேர்ந்து மூணு சீசன், 13 எதிரணிகள். 2023 அக்டோபர்ல விஷயம் வெளிய வந்துச்சு. அதே சீசன்லதான் மிச்சிகன் 15 ஆட்டத்துல பதினஞ்சையும் ஜெயிச்சு, 2024 ஜனவரி 8 அன்னிக்கு ஹூஸ்டன்ல வாஷிங்டனை 34-13ன்னு தோக்கடிச்சுப் பட்டம் வாங்குச்சு.

நேத்துத் தீர்ப்புல என்ன சொன்னாங்கன்னா, அபராதம் 2 கோடி டாலருக்கு மேல போகும். அப்பக் கோச்சா இருந்த ஜிம் ஹார்பாவுக்குப் பத்து வருஷத் தடை, ஸ்டாலியன்ஸுக்கு எட்டு வருஷம். ஹார்பாவுக்கு அப்புறம் கோச்சான ஷெரோன் மூருக்கு அடுத்த வருஷம் இன்னொரு ஆட்டம் இடைநீக்கம். சீசன் முடிவு ஆட்டங்களுக்குத் தடை போடுற அளவு குற்றம்தான், ஆனா இப்ப ஆடுற பசங்க எதுவும் செய்யலயேன்னு அதைப் பணமா மாத்திட்டாங்க. ஒரு வெற்றியும் அழிக்கல. பட்டம் இருக்கு.

மிச்சிகன் ரசிகனா நான் நிம்மதி அடைஞ்சிருக்கணும். முடியல. நெஞ்சைத் தொட்டுக் கேக்கறேன், இந்தப் பட்டத்தைப் பறிச்சிருக்கணுமா?


கொலம்பஸ் குமரன்
16 ஆகஸ்ட் 2025, காலை 10:05

அண்ணா, நான் மிச்சிகனோட பரம எதிரியான ஓஹியோ ஸ்டேட்ல படிச்சவன். "பறிக்கணும்"னு முதல்ல கத்த வேண்டியவன் நான்தான். ஆனா நான் வேணாம்னு சொல்றேன். காரணம் எங்களுக்கு நடந்தது.

2010 நவம்பர் 27. கொலம்பஸ்ல மிச்சிகனை 37-7ன்னு ஜெயிச்சோம். நான் மாணவர் கேலரியில இருந்தேன், கையெல்லாம் விறைச்சுப் போச்சு. டிசம்பர்ல செய்தி வந்துச்சு. அஞ்சு பசங்க தங்களோட ஜெர்சி, மோதிரம், 'தங்க பேன்ட்' எல்லாத்தையும் வித்துப் பணம் வாங்கியிருக்காங்க, சலுகை விலையில பச்சையும் குத்திக்கிட்டிருக்காங்கன்னு. அப்ப வீரர்கள் இப்படிப் பலன் அடையறது விதிப்படி தப்பு. தங்க பேன்ட்ங்கறது மிச்சிகனை ஜெயிச்சா ஒவ்வொரு வீரருக்கும் கிடைக்கிற சின்னத் தொங்கல். 1934லேர்ந்து வர்ற வழக்கம். அதை வித்துட்டாங்கங்கறதுதான் எனக்கு அன்னிக்குத் தாங்கல.

அடுத்த வருஷம் முதல் அஞ்சு ஆட்டம் ஆடக் கூடாதுன்னாங்க, ஆனா ஜனவரியில சுகர் பௌல் (சீசன் முடிவுல நடக்கிற 'பௌல்' ஆட்டங்கள்ல ஒண்ணு) மட்டும் ஆடலாம்னு விட்டுட்டாங்க. ஆர்கன்சாவை 31-26ல ஜெயிச்சோம். அப்புறம் கோச் ஜிம் ட்ரெஸலுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்னு வெளிய வந்து, 2011 மே மாசம் அவர் பதவி விலகினார். அந்த சீசன் 12 வெற்றியும் அழிஞ்சுது.

உண்மையைச் சொல்றேன், அது எனக்கு வலிக்கவே இல்ல. நான் பாத்த ஆட்டத்தை என் கண்ணுலேர்ந்து யாரும் அழிக்கல. வலிச்சது 2012. புதுக் கோச், புதுப் பசங்க, 12 ஆட்டமும் ஜெயிச்சாங்க. பழைய தப்புக்கு அந்த வருஷம் பௌல் தடை. நவம்பரோட சீசன் முடிஞ்சு போச்சு. பட்ட ஆட்டத்துக்கு நோட்டர் டேம் போய் அலபாமாகிட்ட 42-14ல தோத்துச்சு, நாங்க வீட்டுல உக்காந்து பாத்தோம். தப்பு செஞ்சவங்க அப்ப எங்க இருந்தாங்க? காலேஜை விட்டே போயிட்டாங்க.


வின்ட்சர் சிவா
16 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 1:22

ஆத்துக்கு இங்கால கனடாப் பக்கம் இருக்கிறன், அங்கால டிட்ராய்ட். இருவது வருசமா இந்த விளையாட்டைப் பாக்கிறன்.

குமரன் தம்பி, உங்கட கவலை விளங்குது. ஆனா நீங்கள் சொல்லுறது வேற, செல்வாக்கான அணி தப்பிறது வேற. காசைக் கட்டிப்போட்டுக் கோப்பையை வைச்சிருக்கலாமெண்டா அடுத்த வருசம் ஆர் வேண்டாமெண்டு சொல்லப் போகினம்? மிச்சிகனுக்கு 2 கோடி டாலர் பெரிய காசே? ஒரு லட்சத்துக்கு மேல ஆக்கள் இருக்கிற மைதானம் அது, ஒவ்வொரு கிழமையும் நிறையுது.

ஹார்பாவுக்குப் பத்து வருசத் தடை எண்டினம். அந்த மனிசன் 2024 ஜனவரியிலேயே லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போயிட்டார். ஏற்கெனவே இருக்கிற நாலு வருசத் தடை 2028இல முடிஞ்சாப் பிறகுதான் இந்தப் பத்து வருசம் தொடங்குது. தொழில்முறை லீக்கில இருக்கிறவருக்கு அது என்ன செய்யும்? பிழை செய்தவையும் போயிட்டினம், கோப்பையும் அங்கேயே இருக்குது. அப்ப ஆருக்குத்தான் தண்டனை? பறிக்க வேணும். என்ரை கதை அவ்வளவுதான்.


பழைய ஆசிரியர்
16 ஆகஸ்ட் 2025, மாலை 4:47

விவாதம் சூடாவதற்குள் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "என்.சி.ஏ.ஏ. பட்டத்தைப் பறிக்கவில்லை" என்ற நினைப்பில் எல்லோரும் எழுதுகிறீர்கள். உயர்நிலைக் கல்லூரி ஃபுட்பாலில் பட்டம் கொடுப்பது என்.சி.ஏ.ஏ. அல்ல. கூடைப்பந்தில் அது கொடுக்கிறது. ஆகையால்தான் லூயிவில் பல்கலைக்கழகத்தின் 2013 கூடைப்பந்துப் பட்டத்தை 2018இல் அதனால் நீக்க முடிந்தது. ஃபுட்பாலில் 1998 முதல் 2013 வரை பி.சி.எஸ். என்ற ஏற்பாடு, 2014 சீசனிலிருந்து பிளேஆஃப் என்ற தனி அமைப்பு. இவை 'மாநாடு' (கான்ஃபரன்ஸ்) எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகள் சேர்ந்து நடத்துபவை. என்.சி.ஏ.ஏ.வால் வெற்றிகளைப் பதிவேட்டிலிருந்து அழிக்க முடியும். பட்டத்தை எடுப்பதா என்பதைக் கொடுத்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, அழிப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆடும் தகுதி இல்லாத வீரர் களத்தில் இறங்கியிருந்தால் அந்த ஆட்டத்தின் வெற்றி நீக்கப்படும். ஓஹியோவில் நடந்தது அது. மிச்சிகன் வழக்கில் குற்றவாளிகள் ஊழியர்களும் பயிற்சியாளர்களும். தகுதியற்ற வீரர் என்று எவரும் இல்லை. ஆகவே வெற்றிகள் நின்றன.

மூன்றாவது, பலருக்கும் தெரியாதது. வெற்றியை நீக்குவது வேறு, ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுப்பது வேறு. நீக்கினால் வென்றவரின் வெற்றி மட்டும் போகும். தோற்றவரின் தோல்வி அப்படியே இருக்கும். குமரன் குறிப்பிட்ட அந்த 37-7 ஆட்டத்தில் ஓஹியோவுக்கு வெற்றி இல்லை. ஆனால் மிச்சிகன் தோற்றதாகவே பதிவு நிற்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் தோற்றிருக்கிறார், வென்றவர் யாரும் இல்லை. நாற்பது ஆண்டு மதிப்பெண் பதிவேடு எழுதிய எனக்கு இதைப் பார்க்கையில் மனம் ஒப்பவில்லை.


கொலம்பஸ் குமரன்
16 ஆகஸ்ட் 2025, மாலை 5:10

சார், மூணாவது விஷயத்தை நான் இத்தனை வருஷத்துல யோசிச்சதே இல்ல.


ட்ரோஜன் தேவி
17 ஆகஸ்ட் 2025, அதிகாலை 1:33

இந்த இழையை ரெண்டு தடவை படிச்சுட்டு மூடிட்டேன். மூணாவது தடவை எழுதாம இருக்க முடியல.

நான் லாஸ் ஏஞ்சலஸ்ல யு.எஸ்.சி.யில (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாஸ்டர்ஸ் பண்ணவ. 2005 ஜனவரி 4, ஆரஞ்ச் பௌல், அதுதான் 2004 சீசனோட பட்ட ஆட்டம், ஓக்லஹோமாவை 55-19ன்னு அடிச்சாங்க. வீட்டை விட்டு முதல் தடவையா இவ்வளவு தூரம் வந்து, பனிக்காலம்கூட இல்லாத ஒரு ஊர்ல தனியா இருந்த எனக்கு அந்த ராத்திரிதான் "இது என் காலேஜ்"னு தோணுச்சு. தெரு முழுக்க முன்னபின்ன தெரியாதவங்க கட்டிப்பிடிச்சுகிட்டாங்க.

2010 ஜூன்ல தீர்ப்பு. எங்க நட்சத்திர ஓட்டக்காரர் ரெஜி புஷ்ஷும் அவர் குடும்பமும் அவருக்கு ஏஜென்ட் ஆக நினைச்சவங்ககிட்ட பணமும் குடியிருக்க வீடும் வாங்கினாங்கன்னு. 14 வெற்றி போச்சு. ரெண்டு வருஷம் பௌல் கிடையாது. 30 ஸ்காலர்ஷிப் வெட்டு. அடுத்த வருஷம் ஜூன்ல பி.சி.எஸ். 2004 பட்டத்தை எடுத்துகிச்சு. புஷ் தன்னோட ஹைஸ்மன் கோப்பையை (வருஷத்தோட சிறந்த வீரருக்குக் கொடுக்கிறது) திருப்பிக் கொடுத்தார். கோச் பீட் கேரல் அதுக்கு முன்னாடியே சியாட்டில் தொழில்முறை அணிக்குப் போயிருந்தார்.

இப்ப மிச்சிகனையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. புஷ் வாங்கின பணம் களத்துல ஒரு கஜம்கூடக் கூடுதலா ஓட வைக்கல. காலேஜும் கொடுக்கல. ஜாடையைத் திருடறது நேரா ஆட்டத்துக்குள்ள கை வைக்கிற வேலை. களத்துக்கு வெளிய நடந்த தப்புக்குப் பட்டம் போச்சு. களத்துக்குள்ள நடந்த தப்புக்குப் பட்டம் நிக்குது. ஆசிரியர் ஐயா சொன்ன 'தகுதியற்ற வீரர்' விதி எனக்குப் புரியுது. புரிஞ்சதாலதான் கோவம் இன்னும் அதிகமாகுது.

2011ல எங்க அணி யு.சி.எல்.ஏ.வை 50-0ன்னு தோக்கடிச்சுது. ஆனா தடையால எங்களால மாநாட்டுப் பட்ட ஆட்டத்துக்குப் போக முடியல. எங்ககிட்ட அம்பது வாங்கினவங்க போய் ஆடினாங்க. அன்னிக்கு எங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) மாட் பார்க்லி. புஷ் ஆரஞ்ச் பௌல் ஆடினப்ப பார்க்லிக்கு 14 வயசு.

தண்டனை கொடுத்த குழுவோட தலைவர் பால் டீ. மயாமி பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்குப் பல வருஷம் தலைமை தாங்கினவர். பெரிய வீரர் இருக்கிற இடத்துல அதுக்கேத்த கண்காணிப்பும் வேணும்னு எங்களுக்குச் சொன்னார். 2011 ஆகஸ்ட்ல மயாமிக் கதை வெளிய வந்துச்சு. ஒரு பணக்கார ரசிகர் வருஷக்கணக்கா வீரர்களுக்குப் பணம் வாரி இறைச்சதாச் சொன்னார், அதுல பெரும்பகுதி டீ பதவியில இருந்த காலம். அவர் இப்ப உயிரோட இல்ல, இறந்தவரைத் திட்ட எனக்கு மனசு இல்ல. ஆனா பக்கத்து வீட்டுத் தப்பை அளந்த அதே கோலால அவர் வீட்டையும் அளந்தாங்களான்னு கேட்கிற உரிமை எனக்கு இருக்கு.

2024 ஏப்ரல்ல ஹைஸ்மனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. காலம் மாறிடுச்சுன்னு காரணம் சொன்னாங்க. 2021 ஜூலையிலேர்ந்து வீரர்கள் தங்களோட பேரை வெச்சு சம்பாதிக்கலாம். 2025 ஜூன்ல நீதிமன்றம் ஒப்புக்கிட்ட உடன்பாட்டுப்படி ஒரு காலேஜே முதல் வருஷத்துல 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். கோப்பை வந்துருச்சு. 14 வெற்றியும் பட்டமும் வரல.


வின்ட்சர் சிவா
17 ஆகஸ்ட் 2025, காலை 9:15

தேவி அக்கா, நீங்கள் எழுதினதை வாசிக்கக் கவலையாத்தான் இருக்குது. எண்டாலும் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. அந்தப் பணம் வாங்கினது தெரிஞ்சிருந்தா புஷ் அண்டைக்குக் களத்தில நிண்டிருக்க மாட்டார். புஷ் இல்லாத யு.எஸ்.சி. 55 புள்ளி எடுத்திருக்குமோ?

அதே 2004 சீசனில ஆபர்ன் 13 விளையாட்டும் வெண்டது. கடிலாக் வில்லியம்ஸ், ரானி பிரௌன் எண்டு ரெண்டு அருமையான ஓட்டக்காரர் ஒரே அணியில. பட்ட விளையாட்டுக்குக் கூப்பிடேல்லை, ரெண்டு இடம்தான் இருந்தது. சுகர் பௌலில வெர்ஜினியா டெக்கை 16-13 எண்டு வெண்டுபோட்டுச் சும்மா வீட்டை போனவை. யு.எஸ்.சி.யின்ரை பட்டத்தை எடுத்த பிறகும் பி.சி.எஸ். அதை ஆபர்னுக்குக் குடுக்கேல்லை. வெறும் இடமா விட்டுட்டினம். அந்தப் பெடியளுக்கு என்ன பதில்?


டல்லாஸ் மீனா
17 ஆகஸ்ட் 2025, மதியம் 12:50

பறிக்கோணும்னு சொல்றவங்க எங்க ஊர்க் கதையக் கேளுங்க. எஸ்.எம்.யூ. (சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம்) வளாகம் எங்க வீட்டுல இருந்து நடக்கிற தூரந்தானுங்க.

1987 பிப்ரவரி 25. ரசிகர் ஒருத்தர் கொடுத்த பணத்துல இருந்து 13 வீரர்களுக்கு 61,000 டாலர் போயிருக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடியே பல தடவை மாட்டி, கண்காணிப்புல இருந்த காலேஜ். வீரர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறுத்தினா வெளிய சொல்லிருவாங்கன்னு பயந்துட்டு தொடர்ந்து கொடுத்திருக்காங்க. அந்த முடிவுல தானும் இருந்தேன்னு டெக்சஸ் கவர்னர் பில் கிளெமென்ட்ஸே மார்ச் மாசம் ஒத்துக்கிட்டார். அவர் அப்ப அந்தக் காலேஜ் ஆட்சிக் குழுத் தலைவரா இருந்தவரு.

தண்டனை, 1987 சீசனே கிடையாது. 1988ல வெளியூர் ஆட்டம் மட்டும் ஆடலாம்னாங்க, காலேஜே அதையும் ரத்து பண்ணிருச்சு. மத்த காலேஜ் கோச்சுங்க வளாகத்துக்கே வந்து பசங்களக் கூட்டிட்டுப் போனாங்க. 1989ல மறுபடி ஆரம்பிச்சப்ப முக்காவாசி பதினெட்டு வயசுப் பசங்க. ஹூஸ்டன்கிட்ட 95-21. அந்த ஸ்கோரை ஒரு தடவை நிதானமாப் படிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் இருபது வருஷத்துல ஒரே ஒரு சீசன், 1997, ஜெயிச்சது தோத்ததைவிடக் கூட. அடுத்த பௌல் ஆட்டம் 2009ல. 25 வருஷம் ஆச்சு.

அந்தத் தண்டனையப் பெரிய காலேஜ் ஃபுட்பால்ல அதுக்கப்புறம் யாருக்கும் கொடுக்கல. அந்தக் கோரத்தைப் பாத்து அவங்களே பயந்துட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். 1981லயும் 82லயும் ஜெயிச்ச மாநாட்டுப் பட்டங்களை எடுத்துட்டு விட்டிருந்தா எவ்வளவோ பரவால்லைங்க. பட்டத்தைப் பறிக்கிறது கொடுமைன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது, மத்ததோட ஒப்பிட்டா அதுதான் இருக்கிறதுலயே இரக்கமுள்ள தண்டனை. இனி ஆடப்போற பசங்க மேல கை வைக்காத தண்டனை அது ஒண்ணுதான்.


ஹூரான்கரை
17 ஆகஸ்ட் 2025, மாலை 6:30

மீனா, கடைசி வரி என்னைப் போட்டு உலுக்கிருச்சு. குமரன் சொன்ன 2012 நியாயமும், தேவி சொன்ன பார்க்லி நியாயமும் உங்க வரியோடதான் சேருது. முந்தாநேத்து என்.சி.ஏ.ஏ.வும் "இப்ப இருக்கிற பசங்களைத் தண்டிக்கக் கூடாது"ன்னுதான் தடையைப் பணமா மாத்துச்சு. அதே காரணத்தை வெச்சே பதிவேட்டுல கை வெச்சிருக்கலாம் இல்லயா?

ஆனா என் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லியே ஆகணும். 2023 அக்டோபர் 20 அன்னிக்கு ஸ்டாலியன்ஸை ஓரம் கட்டிட்டாங்க. கஷ்டமான ஆட்டம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பென் ஸ்டேட் ஆட்டத்தன்னிக்கு ஹார்பா இடைநீக்கம், மைதானத்துக்குள்ளயே வர முடியாது. மூர் பொறுப்புல நின்னு, தொடர்ந்து 32 தடவை பந்தைக் கையில கொடுத்தே ஓட வெச்சார். நாங்க ஓடப்போறோம்னு மைதானம் பூராவும் தெரியும், நிறுத்த முடியல. 24-15. அப்புறம் ஓஹியோ 30-24, ரோஸ் பௌல்ல அலபாமா 27-20 கூடுதல் நேரத்துல, கடைசியா வாஷிங்டன். இதுல எந்த ஜாடையும் இல்ல.


தெற்குச்சீமை வாலிபால்
18 ஆகஸ்ட் 2025, காலை 7:02 (இந்திய நேரம்)

நான் இந்த ஆட்டத்தைப் பாத்தவன் இல்ல. ஊர்ல இருந்துதான் எழுதுதேன். ஆனா தோத்தவன் பக்கம் யாரும் பேசலன்னு தோணிச்சு, அதான்.

நான் காலேஜ் படிக்கையில மண்டல வாலிபால் பைனல் வரை போனோம். காலேஜ் பேரெல்லாம் வேண்டாம், அந்த ஆளுங்க இன்னும் இருக்காங்க. எதிர் அணியில ஒருத்தன் அடிச்ச அடி எங்க யாராலயும் எடுக்க முடியல. அஞ்சாவது செட்ல தோத்தோம். எங்க கேப்டன் நெட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். பொறவு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவன் முந்தின வருசமே படிப்பை முடிச்சவன், வேற பையன் அட்டையில ஆடியிருக்கான்னு. எங்க பி.டி. சார் விடல. புகார் எழுதி, அலைஞ்சு, ஒரு வருசம் ஆச்சு. கோப்பையைத் திருப்பி வாங்கினாங்க. எங்களுக்குத் தரல பாத்துக்கிடுங்க. எங்கயோ ஆபீஸ்ல பூட்டி வெச்சுட்டாங்க.

ஆனா ஒரு தாள் வந்துச்சு. "மேற்படி இறுதி ஆட்டத்தின் முடிவு செல்லாது" அப்டின்னு, சீல் வெச்சு. கோப்பைய விட அந்தத் தாள்தான் எங்களுக்குப் பெருசா இருந்துச்சு. ஏழு பேருக்கும் நகல் எடுத்துக் குடுத்தாரு சார். நான் வீடு மாறும்போதெல்லாம் அதை எடுத்துட்டுத்தான் போறேன். எங்க கேப்டன் போன வருசம் தவறிட்டான். அவன் வீட்டு அலமாரியில லேமினேட் பண்ணி வெச்சிருந்தான், அவன் பொண்டாட்டி காட்டுச்சு.

ஆசிரியர் ஐயா சொன்னாரே, அங்க வெற்றியை அழிப்பாங்க, தோல்விய அழிக்க மாட்டாங்கன்னு. அப்ப அங்க தோத்த பசங்களுக்கு அந்தத் தாள் கிடைக்கவே கிடைக்காதா?


பழைய ஆசிரியர்
18 ஆகஸ்ட் 2025, காலை 11:40

கிடைக்காது. அதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை என்று உங்கள் மடலைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. நான் அதைக் கணக்குப் பிழையாக மட்டும் பார்த்தேன்.

ஃப்ளோரிடா ஸ்டேட் பயிற்சியாளர் பாபி பௌடனின் 12 வெற்றிகள் அழிக்கப்பட்டபோது அவருடைய எண்ணிக்கை 389இலிருந்து 377 ஆயிற்று. பென் ஸ்டேட்டில் 112 வெற்றிகள் 2012இல் அழிக்கப்பட்டு, 2015இல் திருப்பித் தரப்பட்டன. பத்திரிகைகள் அத்தனையும் பயிற்சியாளரின் எண்ணிக்கையைப் பற்றியே எழுதின. எதிரில் ஆடித் தோற்றவர்களைக் கேட்டவர் அரிது. தண்டனை என்பது குற்றம் செய்தவருக்கும் தண்டிப்பவருக்கும் இடையே முடிந்துவிடுகிறது. தோற்றவர் அந்த அறைக்குள்ளேயே இல்லை.

ஆகவே என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். அழிப்பதானால் இரு பக்கமும் அழிக்க வேண்டும். "முடிவு செல்லாது" என்ற அந்த இரண்டு சொல் போதும். வென்றதாக எவரையும் அறிவிக்க வேண்டாம். ஆடாத ஆட்டத்தை ஆபர்ன் வென்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.


வின்ட்சர் சிவா
22 ஆகஸ்ட் 2025, இரவு 8:11

ஆபர்ன் பற்றிச் சொன்னனான் எல்லோ. இப்ப அவை தாங்களாகவே 2004ஐத் தங்கட பட்டப் பட்டியலில சேத்துப்போட்டினம். 1910, 1914, 1958ஓட சேத்து நாலு. ஆரும் குடுக்கேல்லை, தாங்களே எடுத்துக்கொண்டினம். இருவது வருசம் பொறுத்துப் பாத்திருக்கினம். ஏ.பி. செய்தி நிறுவனத்தின்ரை பட்டியலிலயோ 2004க்கு நேரா இன்னும் யு.எஸ்.சி.தான் நிக்குது. ஒரு சீசனுக்கு இப்ப மூண்டு பதில்.

நான் பறிக்க வேணும் எண்டதில மாறேல்லை. ஆனா வாலிபால் அண்ணை எழுதினதை வாசிச்ச பிறகு, பறிக்கிறது ஆருக்காக எண்டது எனக்கு மாறிப்போச்சு. மிச்சிகனை நோகடிக்க எண்டுதான் முதல் நினைச்சனான். அது பிழை.


ட்ரோஜன் தேவி
23 ஆகஸ்ட் 2025, அதிகாலை 12:20

வாலிபால் அண்ணா, நான் ஓக்லஹோமாவைப் பத்தி ஒரு நாளும் நினைச்சது இல்ல. இந்த இருபது வருஷமும் என்கிட்டேர்ந்து எடுத்ததை மட்டும்தான் எண்ணிட்டு இருந்தேன். அந்த 55-19ஐ அவங்க இன்னும் சுமக்கறாங்க. வெற்றியே இல்லைன்னு சொன்ன பிறகு தோல்வி மட்டும் ஏன் இருக்கணும்?

புஷ் விஷயத்துல எனக்குக் கோவம் போகல. அந்த விதியே தப்பான விதி, அதை இன்னிக்கு அவங்களே எடுத்துட்டாங்க. ஆனா சிவா கேட்டதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா, அன்னிக்கு மத்த அணிகள் அதே விதிக்குள்ள நின்னுதான் ஆடினாங்க. இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.


ஹூரான்கரை
23 ஆகஸ்ட் 2025, காலை 9:05

ஒரு வாரமா பதில் எழுதாம இருந்தேன். நான் கேள்வியையே தப்பா வெச்சுட்டேன்னு இப்பத் தெரியுது.

2023 பட்டத்தைப் பத்திக் கேட்டேன். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இருக்கு. 32 ஓட்டம், அலபாமா, எல்லாம் ஏற்கெனவே எழுதிட்டேன். அந்தப் பதிலைச் சொல்லித்தான் ரெண்டு வருஷமா என்னைச் சமாதானப்படுத்திகிட்டு இருந்தேன். ஆனா தீர்ப்புல இருக்கிறது 2021லேர்ந்து.

2021 நவம்பர் 27. ஓஹியோகிட்ட தொடர்ந்து எட்டு தடவை தோத்துட்டு, பனி கொட்டுற மதியத்துல 42-27ன்னு ஜெயிச்சோம். என் பையனுக்கு அப்ப எட்டு வயசு, அவனைத் தோள்ல உக்கார வெச்சுகிட்டு எல்லாரோடவும் நானும் களத்துல இறங்கினேன். அந்தப் படம் எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. அந்த 13 அணிங்க மேல எப்ப, எவ்வளவு வேவு பாத்தாங்க, அது எந்த ஆட்டத்துல எவ்வளவு உதவிச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனாலதான் எனக்குத் தூக்கம் வரல. பட்டத்துக்காக இல்ல.

அந்த மூணு சீசன்ல, வேவு பாக்கப்பட்ட அணிகளோட ஆடின ஆட்டங்களுக்கு நேரா "முடிவு செல்லாது"ன்னு எழுதறதா இருந்தா, 2021 ஓஹியோ ஆட்டமும் அதுல ஒண்ணுன்னா, நான் எதிர்க்க மாட்டேன். 2023 ஜனவரி ஆட்டத்தை விட்டுடுங்கன்னு மட்டும் கேப்பேன். குமரன், உங்களுக்குத்தான் இதைச் சொல்லணும்னு தோணுச்சு.


கொலம்பஸ் குமரன்
23 ஆகஸ்ட் 2025, காலை 9:48

அண்ணா, அது 2024 ஜனவரி. அவசரத்துல மாத்தி எழுதிட்டீங்க.

அந்த ஆட்டத்தை நான் அப்பார்ட்மென்ட்ல தனியா உக்காந்து பாத்தேன். உங்க ஓட்டக்காரர் ஹஸன் ஹாஸ்கின்ஸ் பந்தோட கோட்டைத் தாண்டி அஞ்சு டச்டவுன். எங்க ஆளுங்க அவரைப் பிடிச்சும் பிடிச்சும் விழவே இல்ல. ஜாடை தெரிஞ்சிருந்ததோ இல்லயோ, முன்னால நிக்கிற ஆளைத் தள்ளிட்டுத்தான் ஓடணும், அதை அவர் ஓடினார். அந்தத் தாள் எங்களுக்கு வந்தா வாங்கிப்பேன். படத்தை ஹால்லேர்ந்து கழட்டாதீங்க.

2010 ஆட்டத்தையும் இரு பக்கமும் அழிச்சுடச் சொல்லுங்க. அந்த 37-7ல உங்க பசங்க தோத்ததா இருக்க வேணாம்.